மலைநாட்டில் வீட்டுக் காணி சரியுமா? அறிகுறியிலிருந்து தொடங்கிப் பார்க்கும் முறை

பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை, காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை. இந்த மாவட்டங்களில் சரிவான காணியில் வீடு கட்டப் போகிறவர், பிரதேச சபையிலோ நகர சபையிலோ பிளானைக் கொடுத்ததும் ஒரு கேள்வியைச் சந்திப்பார்: தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு இடர் மதிப்பீட்டு அறிக்கை எங்கே? 2011 முதல் இந்த நடைமுறை இருக்கிறது. ஆபத்துப் பகுதி என்று குறித்த இடங்களில் அந்த அறிக்கை இல்லாமல் கட்டட அனுமதி கிடைக்காது.

பலர் பெக்கோ என்ற மண் வெட்டும் இயந்திரத்தைக் கூப்பிட்டு, காணியை வெட்டிச் சமன்செய்து, அத்திவாரத்துக்குக் கல்லும் இறக்கிய பிறகுதான் விண்ணப்பத்தோடு போகிறார்கள். அப்போது நிறுவனத்திலிருந்து வந்து பார்க்கும் புவிச்சரிதவியலாளருக்கு மலையின் இயல்பான சரிவு கிடைப்பதில்லை. நாம் வெட்டிப்போட்ட புண்தான் கிடைக்கிறது. அதனால் கீழே எந்த அறிகுறியிலிருந்து தொடங்கினாலும் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டாம். அறிக்கை முதலில், பெக்கோ அப்புறம்.

முதலில் சரிவை அளந்துகொள்ளுங்கள்

1 மீட்டர் நீளமான நேர் கம்பு, ஒரு நீர்மட்டம், ஒரு டேப். கம்பின் ஒரு முனையை மேட்டுப் பக்கம் தரையில் வைத்து, நீர்மட்டம் பார்த்துக் கிடையாகப் பிடியுங்கள். மறுமுனையிலிருந்து தரைக்கு எவ்வளவு இறக்கம் என்று அளவுங்கள். 30 சென்டிமீட்டர் என்றால் சரிவு ஏறக்குறைய 17 பாகை. 60 என்றால் 31 பாகை. 84 என்றால் 40 பாகை. காணியின் நாலைந்து இடங்களில் இப்படி அளந்து, மேலே அடுத்தவர் காணியிலும் கேட்டுவிட்டு ஓரிடத்தில் அளந்து எழுதிவையுங்கள்.

இறக்கம் 60 சென்டிமீட்டருக்கு மேல் வந்தால், அறிக்கை வரும்வரை மண்வெட்டியைக்கூட எடுக்க வேண்டாம். ஆனால் குறைவாக வந்ததும் நிம்மதியாகிவிடவும் கூடாது. செங்குத்தான பாறையில் சரிய மண்ணே இருக்காது. மிதமான சரிவில், பல காலமாக மேலிருந்து உருண்டு வந்து தங்கிய மண்ணும் கல்லும் ஆழமாகக் கிடக்கும். மழைநீரைக் குடித்து நகர்வது அந்த மண்தான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் லயங்களை மூடிய சரிவு அப்படிப்பட்ட மண்ணில்தான் நடந்தது. அங்கிருந்தவர்களை இடம்மாற்ற வேண்டும் என்று 2005லும் 2011லும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது.

அறிகுறி: மரங்களின் அடி வளைந்திருக்கிறது

அடியில் அரிவாள்போல் வளைந்து, மேலே நேராக நிமிர்ந்த மரங்கள் வரிசையாக நின்றால், மேல்மண் வருடக்கணக்கில் மெதுவாகக் கீழே ஊர்கிறது என்று அர்த்தம். மண் சாய்க்கச் சாய்க்க மரம் வெளிச்சத்தை நோக்கித் தன்னை நிமிர்த்திக்கொண்டே வந்திருக்கிறது. ஒரே மரம் வளைந்திருந்தால் காற்றாக இருக்கலாம், பக்கத்து மரத்தின் நிழலாகவும் இருக்கலாம். ஏழெட்டு மரங்கள் ஒரே பக்கம் வளைந்திருந்தால் அப்படிச் சொல்ல முடியாது.

கூடவே மின்கம்பங்களையும் வேலிக் கட்டைகளையும் பாருங்கள். தேயிலைக் காணி என்றால் வரிசைகளைப் பாருங்கள்: நேராக நட்ட வரிசை ஓரிடத்தில் மட்டும் கீழ்நோக்கித் தொங்கினால் அந்தத் துண்டு நகர்ந்திருக்கிறது. கைபேசியில் படம் எடுத்து, திகதி போட்டு வையுங்கள். புவிச்சரிதவியலாளர் காணிக்கு வருவது ஒரு நாள், அதிலும் சில மணி நேரம். பத்து வருடமாக அந்த மண்ணைப் பார்த்தவர்கள் நீங்களும் உங்கள் அயலவர்களும்தான். தெரிந்ததை அவரிடம் சொல்லுங்கள். அனுமதி கிடைக்காமல் போய்விடுமோ என்று மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் இரவில் படுத்துத் தூங்கப் போவது அவர்களுடைய பிள்ளைகள்தான் என்பது அந்த நேரத்தில் அவர்கள் நினைவுக்கு வருவதில்லை.

அறிகுறி: காய்ந்த இடத்தில் ஊற்று, அல்லது ஊற்று இடம் மாறியது

இந்த அறிகுறிக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். மலைநாட்டுச் சரிவுகளில் பெரும்பாலானவற்றை இழுத்துவிடுவது நீர். மண்ணுக்குள் நீர்மட்டம் ஏற ஏற, மண் துணிக்கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் பிடி தளர்கிறது. பாரமும் கூடுகிறது. மேலே பார்த்தால் எல்லாம் நேற்று இருந்தபடியே இருக்கும்.

மழை விட்டு 3, 4 நாட்கள் கழித்துக் காணியைச் சுற்றி நடந்து பாருங்கள். மழை நாளில் எல்லா இடமும் ஈரம்தான், ஒன்றும் தெரியாது. வெயில் அடித்த பிறகும் எங்கே கால் புதைகிறது? காய்ந்த மானாப் புல்லுக்கு நடுவே எங்கே மட்டும் சேம்பும் கோரையும் பச்சையாக நிற்கின்றன? முந்தைய வருடம் இல்லாத கசிவு எது? நீர் தெளிவாக வருகிறதா, கலங்கி வருகிறதா? தெளிந்த ஊற்று பழைய ஊற்றாக இருக்கலாம். கலங்கி வந்தால் அது உள்ளே மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது.

அப்புறம் மேலே ஏறுங்கள். தோட்டங்களில் அந்தக் காலத்தில் வெட்டிய கான்கள் இருக்கும். மழைநீரைச் சரிவின் குறுக்காக அழைத்துப்போய் ஓடையில் விடுவதற்காக வெட்டியவை அவை. மண் மூடி, குப்பை அடைத்து, இன்று பல இடங்களில் கான் இருந்ததே தெரியாது. அடைபட்ட கானில் நிற்கும் நீர் நேரே மண்ணுக்குள் இறங்கி உங்கள் வீட்டுக்குப் பின்னால் வெளிவரும். புதிய ஊற்று என்று பயந்த ஓரிரு இடங்களில், மேலே நூறு அடி தூரத்தில் கானைத் துப்பரவாக்கியதும் கசிவு குறைந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதற்காக, கசிவு குறைந்தது, பிரச்சினை தீர்ந்தது என்று விட்டுவிடாதீர்கள். விண்ணப்பத்தில் அதையும் எழுதுங்கள்.

நீரை வெளியேற்றினால் மலையையே நிறுத்தலாம் என்பதற்கு வட்டவளை ஓர் உதாரணம். 1992இல் அங்கே சரிவு ரயில் பாதையைச் சேதப்படுத்தியது. பிறகு மண்ணுக்குள் குழாய்களைச் செலுத்தி நிலத்தடி நீரை வடித்தார்கள். ஒரு வீட்டுக்காரரால் அந்த அளவு வேலை செய்ய முடியாது. ஆனால் கூரைப் பீலியின் நீரையும், குளிக்கும் நீரையும், மேல் கானின் நீரையும் காணிக்குள் இறங்கவிடாமல் குழாய் வைத்து ஓடைவரை கொண்டுபோக எல்லோராலும் முடியும்.

அறிகுறி: நிலத்தில் பிறைபோல வெடிப்பு

வெயிலில் களிமண் வெடிப்பது வலைபோலப் பல பக்கம் ஓடும். சரிவின் வெடிப்பு வேறு மாதிரி. மேட்டில், சரிவின் குறுக்காக, இரு முனையும் கீழ்நோக்கி வளைந்த பிறையாக ஓடும். கீழ்ப்பக்க மண் ஓரிரு அங்குலம் தாழ்ந்தும் இருக்கலாம். இதைக் கண்டால் புதிய வீட்டு யோசனையை அங்கேயே நிறுத்திவிட்டு, கிராம சேவகர் வழியாகப் பிரதேச செயலகத்துக்கும், மாவட்டத்தில் உள்ள கட்டட ஆராய்ச்சி நிறுவன அலுவலகத்துக்கும் அறிவியுங்கள்.

அவர்கள் வரும்வரை செய்யக்கூடியவை இரண்டு. வெடிப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, முளைகளின் தலையில் ஆணி வைத்து, ஆணிக்கும் ஆணிக்கும் இடையிலான தூரத்தைத் தினமும் ஒரே நேரத்தில் மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். மழை பெய்த நாளையும் குறியுங்கள். தூரம் மாறாமல் இருப்பது ஒரு கதை, மழைக்கு மழை கூடுவது வேறு கதை. இரண்டாவது, மழைநீர் வெடிப்புக்குள் இறங்காமல் களிமண்ணை இட்டு இறுக்கி, மேலே பொலித்தீன் விரித்து, மேலிருந்து வரும் நீரைச் சிறு கான் வெட்டித் திருப்புங்கள். சீமெந்து கரைத்து ஊற்ற வேண்டாம். வெடிப்பு மூடியதுபோல் தெரியும், உள்ளே நகர்வது நிற்காது. அளக்கவும் முடியாமல் போகும்.

அறிகுறி: இருக்கும் வீட்டில் சுவர் வெடிக்கிறது, கதவு இறுகுகிறது

பூச்சில் மட்டும் ஓடும் மயிரிழை வெடிப்புக்கு மலையைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. சுவரைத் துளைத்து மறுபக்கமும் தெரிவது, தரையில் தொடங்கிச் சுவரில் ஏறி முற்றத்திலும் தொடர்வது, மழைக்காலத்தில் மட்டும் அகல்வது: இவை வேறு. மூடித் திறந்த கதவு ஒரு மழைக்குப் பின் நிலையில் இறுகினால், நிலை கோணிவிட்டது. தரைக்கும் சுவருக்கும் இடையில் விரல் நுழைகிறதா என்றும் பாருங்கள்.

எங்கள் சித்தப்பா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 12 பேர்ச் காணி. மேட்டுப் பக்கத்தை வெட்டி, அந்த மண்ணையே பள்ளப் பக்கம் தள்ளிச் சமன்செய்து கட்டினார்கள். இரண்டாவது மாரியில் ஹோலின் நடுவே, வெட்டும் நிரப்பும் சேரும் கோட்டில், சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்தது. எல்லோரும் மலை சரிகிறது என்று பயந்தார்கள். வந்து பார்த்தவர் பள்ளப் பக்கத்தைத் தோண்டச் சொன்னார். இறுக்காமல் கொட்டிய மண், அதற்குள் தேயிலை வேரும் வாழைத் தண்டும் அழுகிக் கிடந்தன. பாதி வீடு கெட்டித் தரையில், பாதி வீடு பஞ்சில். பள்ளப் பக்கத்து அறையை இடித்து எடுத்தார்கள். மீதி வீடு இன்றும் நிற்கிறது. அந்த அறையைக் கட்டச் சித்தப்பா வெளிநாட்டில் உழைத்த நாலு வருடக் காசு மட்டும் திரும்பி வரவில்லை.

இந்தத் தவறு மலைநாடெங்கும் நடக்கிறது. தவிர்ப்பது பிளான் மேசையிலேயே முடியும். வீட்டை மலையின் குறுக்காக, நீளமாக, ஒடுக்கமாக வரையச் சொல்லுங்கள். அப்போது வெட்டு குறையும், நிரப்பு தேவைப்படாது. அறைகளைப் படிப்படியாக இறக்கியும் கட்டலாம். நிரப்பித்தான் ஆக வேண்டும் என்றால் அங்கே முற்றமோ பூந்தோட்டமோ வரட்டும். வீட்டின் பாரம் தாங்கும் அத்திவாரம் முழுவதும் வெட்டிய கெட்டித் தரையில் நிற்க வேண்டும்.

அறிகுறி: வீட்டுக்குப் பின்னால் வெட்டு உதிர்கிறது

மழைக்கு மழை கூடைகூடையாக மண் விழுகிறது, வேர்கள் வெளியே தொங்குகின்றன, வெட்டின் மேல் விளிம்பு குடைபோல் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் குடை எந்த நேரத்திலும் விழும். மழைக்காலத்தில் மலைநாட்டில் சுவர் இடிந்து ஆள் சாகும் செய்திகளில் பல, பெரிய மலைச்சரிவு இல்லை. குசினிக்குப் பின்னால் இருந்த இப்படியொரு வெட்டுத்தான்.

முதல் வேலை, அந்தப் பக்கத்து அறையில் யாரும் படுக்க வேண்டாம். இரண்டாவது, மேல் விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு கான் வெட்டி, சீமெந்து பூசி, நீரைப் பக்கவாட்டில் வெளியேற்றுங்கள். விளிம்பில் நிற்கும் பெரிய மரம் காற்றில் ஆடி மண்ணைப் பிளக்கும். மரத்தை அளவாக வெட்டுங்கள், வேரைப் பிடுங்காதீர்கள். மழை நின்ற பிறகு, தொழில்நுட்ப அதிகாரியின் ஆலோசனையோடு வெட்டைப் படிகளாகவோ சாய்வாகவோ மாற்றலாம்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு என் கைக்கணக்கு ஒன்று உண்டு. வெட்டு எவ்வளவு உயரமோ, குறைந்தது அவ்வளவு தூரம் வீட்டுச் சுவருக்கும் வெட்டுக்கும் இடையில் இருக்கட்டும். காணி சிறியதாக இருந்தால் அந்தத் தூரம் கிடைக்காது. அப்படியானால் வெட்டைத்தான் குறைக்க வேண்டும். அறிக்கையில் இதைவிடக் கடுமையாக எழுதியிருந்தால் அறிக்கைதான் முடிவு.

அறிகுறி: தடுப்புச் சுவர் வயிறு தள்ளி நிற்கிறது

பெரும்பாலும் பின்னால் நீர் தேங்கியிருக்கும். சுவரில் நீர்வடி துளைகள் இருக்கின்றனவா? இருந்தால், மழையன்று அவற்றில் நீர் வருகிறதா? கொட்டும் மழையிலும் துளை காய்ந்திருந்தால் அது அடைபட்டிருக்கிறது. கம்பியால் குத்தி எடுக்கப் பாருங்கள், ஆனால் வயிறு தள்ளிய சுவருக்கு நேர் முன்னால் நின்று குத்த வேண்டாம். மேசன் பாஸ் புதிய சுவர் கட்டும்போது, பின்னால் மண்ணை நேரே கொட்டாமல் ஓர் அடி அகலத்துக்குச் சல்லிக்கல் போடுகிறாரா, துளைக் குழாய் வெளிப்பக்கம் தாழ்ந்திருக்கிறதா என்று கூடவே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். சுவர் கட்டி முடிந்த பிறகு இதைச் சரிபார்க்க வழியே இல்லை.

மலசலகூடக் குழியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊறல் குழியைச் சுவருக்கு மேலேயோ வெட்டின் விளிம்பிலோ வைத்தால், மழையில்லாத மாதத்திலும் சரிவுக்கு நாமே நீர் ஊற்றிக்கொண்டிருப்போம்.

அறிகுறி: காணி சமதரை, ஆனால் வரைபடத்தில் ஆபத்துப் பகுதி

இது அடிக்கடி வரும் வாக்குவாதம். கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு ஆபத்து வரைபடங்கள் 1:50,000, 1:10,000 அளவுகளில் இருக்கின்றன. பாறையும் அதன் அமைப்பும், நீரோட்டம், மேல்மண், சரிவுக் கோணம், நிலப் பயன்பாடு, நில வடிவம் ஆகிய ஆறையும் கூட்டிப் பார்த்து, சரிவு நடக்க வாய்ப்பில்லாதது தொடங்கி மிக அதிக வாய்ப்புள்ளதுவரை நிலத்தைப் பிரிக்கிறார்கள். 1:10,000 வரைபடத்தில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 10 மீட்டர். 10 பேர்ச் காணி அதில் ஒரு புள்ளிதான். அதனால் வரைபடம் மட்டும் உங்கள் காணிக்குத் தீர்ப்புச் சொல்லாது. நேரில் வந்து பார்த்துத்தான் அறிக்கை எழுதுவார்கள்.

ஆனால் சமதரை என்பதால் வரைபடம் பிழை என்று எண்ண வேண்டாம். 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலையின் உச்சிப் பக்கம் உடைந்து, மண்ணும் கல்லும் நீரும் கலந்த குழம்பாக ஏறக்குறைய 2 கிலோமீட்டர் கீழே ஓடிவந்தது. புதைந்த வீடுகள் பல மலையின் அடிவாரத்தில் இருந்தன. பள்ளத்தாக்கு வாயில் உங்கள் காணி இருக்கிறதா? அங்கே ஆள் உயரக் கற்கள் மண்ணில் பாதி புதைந்து சிதறிக் கிடக்கின்றனவா? அந்தக் கற்கள் ஒரு காலத்தில் மேலிருந்து வந்தவை. வந்த வழி இன்னும் அங்கேயே இருக்கிறது. மேலே ஏறி ஓடையின் தலைப்பகுதியைப் பார்க்காமல் அந்தக் காணிக்கு முற்பணம் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: அறிக்கை நிபந்தனைகளோடு வந்திருக்கிறது, அல்லது பரிந்துரைக்கவில்லை

நிபந்தனைகளை மேசன் பாஸிடம் கொடுத்து, ஒவ்வொன்றையும் பிளானில் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். கான், தடுப்புச் சுவர், வெட்டின் உயரம், மாடி எண்ணிக்கை என்று எழுதியிருக்கும். பிளானில் இல்லாதது காணியிலும் வராது. வீடு முடிந்து, பிளான்படி கட்டியதற்கான இணக்கச் சான்றிதழ் கேட்கும்போது அதே நிபந்தனைகள் திரும்பவும் முன்னால் வரும்.

பரிந்துரைக்கவில்லை என்றால் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெட்டு அதிகம், வீடு ஓடைக்கு நெருக்கம் போன்ற காரணமானால் பிளானை மாற்றித் திரும்பப் போக இடமுண்டு. மலையே நகர்கிறது, மேலிருந்து சரிவு வரும் பாதை என்றால் பிளானை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. பக்கத்துக் காணிக்காரருக்குக் கிடைத்ததே என்ற வாதமும் உதவாது. இரண்டு காணிக்கு நடுவில் ஒரு நீர்வழி போனாலே கதை மாறிவிடும். ஆள் பிடித்துக் காகிதத்தை மாற்றப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். காணி வாங்கும் முன்பே விண்ணப்பித்திருந்தால் இந்தக் கட்டத்தில் நட்டம் மிகக் குறைவு. தோட்டத்தில் வீட்டுக் காணி ஒதுக்கும்போதும் அந்த இடத்துக்கான மண்சரிவு அறிக்கையைக் காட்டும்படி கேளுங்கள்.

அறிகுறி: இன்று மழை விடவில்லை

இப்போது காணியை ஆராய வேண்டாம், மழையை அளவுங்கள். அடியும் வாயும் ஒரே அகலமான நேரான டின் ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, தேங்கிய நீரின் ஆழத்தை அடிமட்டத்தால் பாருங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் ஆனால் விழிப்பு, அது மஞ்சள். 100 ஆனால் வெளியேறத் தயாராகும் நேரம், அது அம்பர். 150 ஆனாலோ, ஒரே மணி நேரத்தில் 75 ஆனாலோ சிவப்பு, வெளியேற வேண்டும். இது கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை அளவு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டில் மழை இந்த அளவுகளையெல்லாம் தாண்டிக் கொட்டியது.

அளவு எட்டாவிட்டாலும் சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. ஓடை திடீரெனச் சேற்று நிறமாவது, மேலே மரங்கள் முறியும் சத்தம், நிலத்துக்குள் உறுமல், புதிய இடத்தில் நீர் பீறிடுவது. எல்லாவற்றிலும் மோசமானது, கொட்டும் மழையில் ஓடை திடீரென வற்றுவது. மழை குறைந்துவிட்டது என்று அதைப் பார்த்து நிம்மதியடைகிறவர்கள் உண்டு. மேலே எங்கோ மண் விழுந்து ஓடையை மறித்திருக்கிறது, அது உடைந்து வரும். அடையாள அட்டையையும் மருந்தையும் எடுக்க மட்டும்தான் நேரம் இருக்கிறது. ஓடையை ஒட்டி ஓடாமல், பக்கவாட்டில், உயர்ந்த மேட்டுப் பக்கம் பிள்ளைகளையும் முதியவர்களையும் அழைத்துப் போங்கள். போகும் வழியில் அயல் வீட்டுக் கதவையும் தட்டுங்கள். பாதுகாப்பான இடம் சேர்ந்த பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்து எந்த ஓடை, எந்தப் பிரிவு என்று சொல்லுங்கள்.